ரோஸ் நிறத்தில் ஒரு மகள்

அந்தச் சனிக்கிழமை மாலை நாலு இருபதுக்கு எல்லாம் கெட்டுப்போகத் தொடங்கியது. நாலு மணிக்கு இந்தி டியூஷன் முடிந்தால், நாலு இருபதுக்குள் வாசலில் மகள் செருப்பைக் கழற்றி எறியும் சத்தம் கேட்கும். அன்று கேட்கவில்லை. நாலரைக்கு டியூஷன் வீட்டுக்கு ஓடினேன்.

"இன்னைக்கு வரவே இல்லைங்களே டீச்சர். மறுபடி காய்ச்சலோன்னு நெனச்சேன்" என்றார் இந்தி சொல்லித்தரும் அம்மாள்.

என் மகள் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு டியூஷனுக்கென்று ஒரு மணிக்கே கிளம்பியிருந்தாள். வயது பத்து. அந்த நேரம் முழுக்க நான் வீட்டில் உட்கார்ந்து, என் வகுப்புப் பிள்ளைகள் மன்னர்களைப் பற்றி எழுதியிருந்த தவறுகளைச் சிவப்பு மையில் திருத்திக்கொண்டிருந்தேன்.

கொடைக்கானலில் ஒரு குழந்தையைக் காணோம் என்றால் முதலில் ஏரியைத்தான் பார்ப்பார்கள். நாங்களும் பார்த்தோம். "அப்படி ஒண்ணும் இல்லீங்க" என்று படகுத்துறை ஆட்கள் சொல்லும்வரை நான் எப்படி நின்றேன் என்பதைப் பற்றி எழுத மாட்டேன். ஏழெட்டு வருடமாகியும் அந்தப் பக்கம் நடக்கும்போது தண்ணீரைப் பார்க்காமல்தான் நடக்கிறேன்.

அடுத்து போலீஸ் ஸ்டேஷன். ஏட்டு கேட்ட முதல் கேள்வி, "போட்டோ இருக்கா?" என் கணவரின் முகம் சற்றுத் தெளிந்தது. அன்று எங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் அவருக்குப் பதில் தெரிந்தது அது ஒன்றுதான். "இருக்கு சார். பெருசாவே இருக்கு" என்று வீட்டுக்கு ஓடினார்.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த வருடத் தொடக்கத்தில் மகளுக்கு டைபாய்டு வந்தது. பிழைத்தால் பழனியில் முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டோம். பிழைத்தாள். மொட்டை போடுவதற்கு முன்னால் முடியோடு ஒரு படம் எடுத்து வைக்க வேண்டும் என்றார் என் கணவர். பட்டுப்பாவாடை கட்டி, சடை முழுக்கப் பூத் தைத்து, பின்னால் சடை தெரிய ஒரு நிலைக்கண்ணாடி வைத்து எடுத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் நிஜ ஏரி தெரிகிற ஊரில், துணியில் வரைந்த ஏரிக்கு முன்னால் நிறுத்தித்தான் எடுத்தார்கள். இல்லையென்றால் அது எப்படி ஸ்டூடியோ ஆகும்.

அதோடு விட்டிருக்கலாம். படத்தைப் பெரிதாக்கிக் கையால் வண்ணம் தீட்டித் தருவதாக ஸ்டூடியோக்காரர் சொன்னார். கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் பஞ்சாலும் தூரிகையாலும் சாயம் ஏற்றுகிற வேலை. இரண்டு வாரம் கழித்து, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். ரோஸ் நிறம். என் மகள் என்னைப் போல நல்ல கறுப்பு. இவள் ஆப்பிள் விற்கும் விளம்பரத்தில் நிற்க வேண்டியவள். ஊஞ்சலில் விழுந்து புருவத்தில் வாங்கிய தழும்பு மறைந்திருந்தது. ஓட்டைப்பல் வாய் மூடப்பட்டு, உதட்டில் ஒரு மந்தகாசம் வைக்கப்பட்டிருந்தது. கழுத்தில் இரட்டை வடச் சங்கிலி. அப்படி ஒரு சங்கிலி எங்கள் பரம்பரையிலேயே கிடையாது.

"அப்படியே எங்க வீட்டுச் சாடை" என்றார் என் நாத்தனார், படத்தைப் பார்த்து. பிள்ளை பிறந்த பத்து வருடத்தில் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நான் பள்ளியில் சரித்திரம் நடத்துகிறவள். உருவப்படங்களின் வரலாறு ஓரளவு தெரியும். ராஜாக்கள் ஓவியனை வரவழைத்துத் தொந்தியைக் குறைத்துக்கொண்டார்கள். ஜமீன்தார்கள் வாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த வாளால் ஒரு பலாப்பழத்தைக்கூட வெட்டியிருக்க மாட்டார்கள். பிறகு அச்சு வந்தது, காலண்டர் வந்தது, எல்லாத் தெய்வங்களுக்கும் ஒரே கன்னம் வாய்த்தது. நான் நடத்தும் பாடப்புத்தகத்தில் எல்லா மன்னர்களுக்கும் ஒரே முகம்தான். மீசையை மட்டும் மாற்றிப் போர்க்களத்துக்கு அனுப்பியிருப்பார்கள். எங்கள் ஊரில் துரைமார் பங்களாக்களைக் காலி செய்தபோது, ஏலம் விட்ட நாற்காலி மேஜைகளோடு அவர்களுடைய தாத்தாக்களின் படங்களும் போயின. அதில் ஒரு தாடிக்காரரை எடுத்து வந்து வரவேற்பறையில் மாட்டிய லாட்ஜ்காரர், "இந்தக் கட்டடத்தக் கட்டுன துரை" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிவந்தார். கட்டடத்தில் சுண்ணாம்பு வாசனைகூடப் போயிருக்கவில்லை. ஆனாலும் யாரும் மறுக்கவில்லை. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டால் எதுவும் உண்மையாகிவிடுகிறது. ராஜாக்கள் அனுபவித்த இந்தச் சலுகையை மாதச் சம்பளக்காரர்களுக்கும் கொண்டுவந்து சேர்த்ததுதான் ஸ்டூடியோக்களின் தொண்டு.

என் கணவரும் பக்கத்து வீட்டுக்காரரும் அந்தப் பெரிய படத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு பஜார் வழியாக வந்தார்கள். நான் எதிரே ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன். கண்ணாடி போட்ட படத்தை இரண்டு ஆண்கள் தூக்கிக்கொண்டு போக, பின்னால் ஒரு பெண் அழுதுகொண்டே போனால் நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் தலையில் இருந்த மஃப்ளரைக் கழற்றினார். பூக்காரி எழுந்து வந்து, "பச்சப் புள்ளைக்கா இப்படி வரணும். எப்பங்க ஆச்சு? காசு வேணாம், போடுங்க" என்று ஒரு முழம் பூவைச் சட்டத்தின் மேல் போட்டாள். நான் அதைப் பிடுங்கி எறிந்து அவளை அடிக்கக் கையை ஓங்கினேனாம். பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை.

ஸ்டேஷனில் ஏட்டு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார்.

"புள்ள நல்ல செவப்பு, என்னம்மா?"

"கறுப்புங்க" என்றேன்.

"முடி இடுப்பு வரைக்கும் கெடக்கு."

"மொட்டைங்க. பழனியில போட்டு ரெண்டு மாசம்தான் ஆகுது."

"கழுத்துல சங்கிலி. இதுக்காகத்தான் எவனாச்சும்..."

"சங்கிலியே கிடையாதுங்க."

ஏட்டு பென்சிலை மேஜையில் வைத்தார். "அப்ப இந்தப் படத்துல எதும்மா நெசம்?"

"பாவாடை நெசம். அது வீட்டுலதான் இருக்கு."

"நீ சும்மா இரு" என்று என் கணவர் குறுக்கிட்டார். "அதே பிள்ளதான் சார். கொஞ்சம் கலர் குடுத்திருக்கு, அவ்வளவுதான்."

வேறு படம் இல்லையா என்று ஏட்டு கேட்டார். ஸ்டூடியோக்காரரிடம் நெகட்டிவ் இருக்குமே என்று எனக்குத் தோன்றியது. அங்கே ஓடினோம். அவர் நெகட்டிவை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். அதிலும் தழும்பு இல்லை. ஓட்டைப்பல்லும் இல்லை.

"நெகட்டிவ்லயே பென்சில் வேல பண்ணியாச்சுங்க டீச்சர். பிளேடு வச்சுச் சொரண்டி, பல்லுப் பக்கமெல்லாம் சரி பண்ணிட்டேன்."

"எங்க பிள்ளையோட முகம் எங்கயுமே இல்லையா?"

"முகம் இருக்குங்களே. கொற மட்டும்தான் இல்ல." அவருக்கு வருத்தமாகிவிட்டது. "இருக்கிறதை இருக்கிறபடி எடுக்கணும்னா என்கிட்ட எதுக்கு வர்றீங்க? ஒரு மணி நேரம் குடுங்க, தூரிகையால முடிய எடுத்து மொட்டையாக்கித் தந்துர்றேன்."

என் மகளுக்கு ஓவியத்தில் மொட்டை போடும்வரை காத்திருக்க எனக்குத் தெம்பில்லை. அதற்குள் இருட்டத் தொடங்கியிருந்தது. ஏட்டு ஒரு கான்ஸ்டபிளை எங்களோடு பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பினார். அங்கே ஒரு தகர நாற்காலியில் படத்தைச் சாய்த்து வைத்து, ஒவ்வொரு கண்டக்டராகக் கூப்பிட்டுக் காட்டினார்கள்.

"இம்புட்டு லட்சணமான பாப்பா நம்ம வண்டியில ஏறியிருந்தா வண்டியே திரும்பிப் பாத்திருக்கும்ல" என்றார் ஒருவர்.

"பெருமாள்மலை வரைக்கும் போயிட்டு வாறேன், இப்படி ஒரு புள்ளைய நான் பாக்கல" என்றார் இன்னொருவர். எல்லோரும் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள். அவர்கள் மேல் குற்றம் இல்லை. அப்படி ஒரு பெண்ணை உலகத்தில் யாருமே பார்த்ததில்லை.

நான் நாற்காலியில் இருந்த படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தேன். "என்னடி செய்யற?" என்றார் என் கணவர். நான் டீக்கடை அம்மாவிடம் போய், "அக்கா, தனியா ஒரு பிள்ள மத்தியானம் இந்தப் பக்கம் வந்துச்சா? கறுப்பா, மொட்டத்தலையா?" என்று கேட்டேன்.

"பொம்பளப் புள்ளையெல்லாம் இல்லீங்க. ஒரு மொட்டப் பயதான் வந்தான். பன்னு ஒண்ணு வாங்கித் தின்னான்."

"நாங்க பொண்ணத் தேடுறோம்மா" என்றார் என் கணவர் பின்னால் வந்து.

எங்கள் மகள் அன்று அணிந்திருந்தது, என் அக்கா மகனுடைய பழைய கால்சட்டை. காய்ச்சல் வந்த உடம்பு, குளிர் படக்கூடாது என்று நான்தான் போட்டுவிட்டிருந்தேன். காதை மட்டும் மூடி ஒரு மஃப்ளர், கம்மலும் தெரியாது.

"சுவெட்டர் என்ன கலர்க்கா?"

"மஞ்சளுங்க. ஒரு கை மட்டும் பச்சை. ஏன், கம்பளி பத்தாமப் போச்சோன்னு நெனச்சேன்."

கம்பளி பத்தாமல்தான் போனது. பின்னியவள் நான்.

"மன்னவனூர் வண்டியில ஏறுனான். ஆட்டுப்பண்ணைக்குப் போறேன், குட்டி போட்டிருக்காம்னு சொன்னான். வெரசா வந்துருடான்னு நான்தான் சொல்லி அனுப்புனேன்" என்றார் அந்த அம்மா, தான் என்ன தவறு செய்தோம் என்று புரியாமல்.

மன்னவனூர் கொடைக்கானலுக்கும் மேலே, காடுகளைத் தாண்டி இருக்கிற ஊர். ஸ்டேஷனிலிருந்து போன் போட்டுப் பார்த்தார்கள், லைன் கிடைக்கவில்லை. என் கணவர் ஒரு ஜீப்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். இந்தப் பனிமூட்டத்தில் அந்தச் சாலையில் போவதற்கில்லை என்று அவர் சொல்ல, இவர் கைகூப்ப, கான்ஸ்டபிள் அதட்ட, எதுவும் நடக்கவில்லை. பத்து வயதுப் பெண் குழந்தை, இருட்டில், தெரியாத ஊரில். பார்க்கிறவர்கள் அவளைப் பையன் என்று நினைத்துக்கொண்டே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அன்று நான் வேண்டிக்கொண்டது அது ஒன்றைத்தான்.

ஏழரை மணிக்கு மேல் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகிற கேரட் லாரி ஒன்று பஸ் ஸ்டாண்டு ஓரமாக வந்து நின்றது. டிரைவர் இறங்கி, பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு பையனை மன்னவனூரில் ஏற்றிவிட்டார்கள், வீடு பஜார் பக்கம் என்கிறான், யாராவது தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா என்று பொதுவாகக் கேட்டார். மறுபக்கக் கதவு திறந்தது. மஞ்சள் சுவெட்டர், ஒரு கை பச்சை. உடம்பெல்லாம் ஆட்டு வாடை. கறுத்த முகம் முழுக்கப் புழுதி, நடுவில் ஓட்டைப்பல். நான் கட்டிக்கொண்டபோது திமிறி முகத்தை விலக்கி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"அம்மா, எல்லாரும் என்னையத் தம்பின்னே கூப்பிட்டாங்க. டிரைவர் மாமா முன்னாடி ஒக்காரவச்சு, வளைவுக்கு வளைவு என்னையவே ஹாரன் அடிக்கச் சொன்னாரு."