ஹாச்சிரோ முடிக்காத கைதட்டு

ஓரியேவுக்குக் காது கூர்மை என்று யாராவது புகழ்ந்தால் அவளுக்கு எரிச்சல் வரும். "காது எல்லாருக்கும் ரெண்டுதான். நான் வாயை மூடிட்டுக் கேக்கறேன், அவ்வளவுதான்" என்பாள். ஒசாகாவின் தெற்குப் பக்கத்தில் இருந்த ஒரு பழைய நாடகக் கொட்டகையின் பின்னறையில் இருபது வருடம் ஒலிப்பதிவு செய்தவள் அவள். நாடகம் படுத்த பிறகு கொட்டகையை ராக் குழுக்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. "அவங்க பொய்யா அழுதாங்க. இவங்க நிஜமா கத்தறாங்க. எது தேவலை?"

அதே கொட்டகையில் திரை இழுத்தவர் அவள் கணவர் ஹாச்சிரோ. தலையில் துண்டு, இடுப்பில் சுத்தியல், வாயில் எப்போதும் ஒரு துண்டு உப்புக் கடற்பாசி. நிகழ்ச்சி முடிந்ததும் மனிதர் மேடைக்கு நடுவில் வந்து நிற்பார். எங்கள் ஊரில் கல்யாணப் பேச்சானாலும் சரி, கடைப் பேரமானாலும் சரி, எல்லாரும் சேர்ந்து கைதட்டி முடித்தால்தான் முடிந்தது. ஒருவர் சொல்ல வேண்டும், மற்றவர்கள் தட்ட வேண்டும். "தட்டுவோமா!" என்றால் இரண்டு தட்டு. "இன்னொரு தரம்!" என்றால் இரண்டு தட்டு. "வாழ்த்தி மூணு!" என்றால், முதல் இரண்டை ஒட்டித் தட்டி, கொஞ்சம் விட்டு ஒன்று. அதோடு சரி, வீட்டுக்குப் போகலாம். முடியை விரித்துப் போட்டுக்கொண்டு கிதார் வாசிக்கிற பையன்களைக்கூட ஹாச்சிரோ விட்டதில்லை. "என்ன கூத்து வேணும்னாலும் அடிங்கடா. கடைசியில மனுஷங்களா முடிங்க" என்பார்.

1979 பிப்ரவரியில், ஒரு மத்தியானம், திரைக் கயிற்றைப் பிடித்தபடியே உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. ஐம்பத்திரண்டு வயது.

அடுத்த மாதம்தான் 'நமாசு' குழுவின் கச்சேரி. அதை நேரடியாகப் பதிந்து இசைத்தட்டாகப் போடுவது என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. பாட்டுக்காரன் கென்சாகு ஓரியேவின் வீட்டு வாசலில் வந்து தலையைக் குனிந்து நின்றான்.

"அக்கா, தள்ளி வெச்சுரலாமா?"

"தள்ளி வெச்சா அவர் எந்திரிச்சு வந்துருவாரா? போய்ப் பாடுற வேலையைப் பாரு."

கச்சேரி அமர்க்களமாக நடந்தது. ஓரியே பின்னறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் வேலை பார்த்தாள். கடைசிப் பாட்டு முடிந்தது. கென்சாகு திரைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். கைதட்டி முடிப்பது சந்தோஷ காரியத்துக்கு உரியது, துக்கம் விழுந்த இடத்தில் செய்யலாமா என்று அவனுக்குத் தயக்கம். ஹாச்சிரோ நின்ற இடத்தில் நின்று சொல்ல யாருக்கும் துணிச்சலும் வரவில்லை. வெறுமனே ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டான். எழுநூறு பேர் கையை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு ஓசைப்படாமல் கலைந்தார்கள். இருபது வருடத்தில் அந்தக் கொட்டகையில் முடிக்காமல் விட்ட காரியம் அது ஒன்றுதான்.

இரண்டு நாள் கழித்து, காலையில், ஓரியே பதிவு நாடாவை ஓடவிட்டாள். கூட்டத்தின் சத்தத்தைப் பிடிக்க மேடையின் முன்விளிம்புக்கு மேலே ஒரு ஒலிவாங்கி தொங்கவிட்டிருந்தாள். கடைசிப் பாட்டுக்குப் பிறகு செருப்புச் சத்தம், இருமல், கதவு. எல்லாம் அடங்கிய பிறகு, வெகு தூரத்தில், வாசல் பக்கமிருந்து, யாரோ ஒருத்தர் தட்டினார்.

தட், தட்.

தட், தட்.

அப்புறம் ஒன்றுமில்லை. நாடா சுற்றி முடிந்தது.

எந்தத் தடியன் இது என்று திட்டிக்கொண்டே அவள் மறுபடி ஓட்டினாள். அப்போதுதான் உடம்பு சில்லிட்டது. ஹாச்சிரோவுக்கு இடது கைச் சுண்டுவிரல் மடங்காது, அவர் தட்டினால் ஒரு பக்கம் பொத்தல் விழுந்த மாதிரி ஒலிக்கும். அந்தச் சத்தத்தை அவள் இருபது வருடம் கேட்டிருக்கிறாள்.

மறுநாள் கேட்டபோது கைதட்டு வாசலில் இல்லை. நடு வரிசைக்கு வந்திருந்தது. அதே நாடா, அதே இடம். அதற்கு மறுநாள் முன்வரிசை. நாடாவைப் பிரதி எடுத்துப் பார்த்தாள், இயந்திரத்தைத் துடைத்துப் பார்த்தாள், இன்னொரு அறையில் போட்டும் பார்த்தாள். நாளுக்கு நாள் கிட்டே வந்தது. ஹாச்சிரோ இறந்த நாற்பத்தொன்பதாம் நாள் பிக்குவை அழைத்து, ஊதுபத்தி கொளுத்தி, காரியமெல்லாம் முறைப்படி செய்தார்கள். அன்றோடு ஆத்மா கிளம்பிவிடும் என்பார்கள். மறுநாள் காலை ஓரியே நாடாவைப் போட்டாள். கைதட்டு ஒலிவாங்கிக்கு நேர் கீழே கேட்டது. அதற்குப் பிறகு, காத்திருக்கிற ஒரு மனிதரின் மூச்சு.

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது, அதைச் சொல்ல அவளுக்கு வெட்கம். அவர் போகவில்லை. மிச்சமிருக்கிற மூன்று தட்டை யாராவது தட்டினால் போய்விடுவார். தட்டாமல் இருந்தால் இருப்பார். கணக்கு அவ்வளவுதான். அவள் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, தினமும் காலையில் வந்து அந்த மூச்சைக் கேட்டுவிட்டுப் போனாள்.

பாட்டையும் கூட்டச் சத்தத்தையும் சேர்க்கிற ஒலிக்கலவை முடிந்தது என்று தெரிந்து கென்சாகு அதைக் கேட்க வந்தான். கடைசியில் அந்தக் கைதட்டு வந்ததும் அவன் முகம் வெளுத்தது.

"அக்கா... இது அண்ணன்தானே?"

"வெட்டிரலாம்னு இருக்கேன்." வெட்டி, அந்தத் துண்டை வீட்டுக்கு எடுத்துப் போவதாக இருந்தாள். அதை அவள் சொல்லவில்லை.

அவன் நாடாவை நிறுத்தினான். "நான்தான் முடிக்காம விட்டேன். எத்தனை நாளா நின்னுட்டிருக்கார் பாவம், கால் வலிக்காதா? வெட்டாதீங்க அக்கா. இப்படியே போடுவோம். கேக்கறவன் ஒசாகாக்காரன்னா கை சும்மா இருக்காது, தானா முடிச்சு வெப்பான்."

"முடிச்சா அவர் போயிருவாருடா!"

கத்திய பிறகுதான் தான் கத்தியது அவளுக்கே தெரிந்தது. கால் வலிக்காதா என்று அவன் கேட்டதுதான் அவளைத் தைத்தது. ஹாச்சிரோவுக்கு முழங்கால் வலி உண்டு. மழைக் காலத்தில் அவள்தான் தைலம் தேய்த்துவிடுவாள். வெட்டுவதற்கு எடுத்த பிளேடை அவள் உறையில் போட்டாள்.

ஜூன் மாதம் இசைத்தட்டு வெளிவந்தது. வெளியான அன்று மத்தியானம், தோமிகோ என்ற பெண்மணி நடத்திய இசைத்தட்டுக் கடையில் ஓரியே ஒரு மூலையில் நின்றாள். கடையில் பத்துப் பதினைந்து பேர். தோமிகோ இசைத்தட்டைச் சுழலவிட்டாள். கடைசிப் பாட்டு முடிந்து, கூட்டம் கலைந்து, தட், தட். தட், தட். பிறகு மௌனம்.

ஒருத்தரையொருத்தர் பார்க்கவில்லை. இசைத்தட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்த மாணவர்கள், மீன் கூடையோடு ஒதுங்கியவர், கல்லாவில் தோமிகோ, எல்லாருடைய கையும் தானாகச் சேர்ந்து மூன்று தட்டைத் தட்டி முடித்தது. "சே, யாருய்யா பாதியில விட்டது? நெஞ்சுல என்னமோ அடைச்ச மாதிரி இருந்துச்சு" என்றார் மீன்காரர். எல்லாரும் சிரித்தார்கள். ஓரியே மட்டும் கையைப் பைக்குள் இறுக்கிக்கொண்டு நின்றாள்.

ஒரு பிரதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தாள். போட்டுக் கேட்டாள். பாட்டு முடிந்தது, செருப்புச் சத்தம், இருமல், கதவு. அவ்வளவுதான். கைதட்டு இல்லை. ஊசியைத் தூக்கி வைத்து நாலு தடவை கேட்டாள். போய்விட்டார். ஊரே சேர்ந்து அனுப்பி வைத்துவிட்டது, பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல். "ஒரு நாளாவது சொல்லிட்டுப் போயிருக்கீங்களா!" என்று அவள் சுவரைப் பார்த்துத் திட்டினாள். பிப்ரவரியிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.

அந்த நேரத்தில், முதுகுக்குப் பின்னால், அடுப்பங்கரையிலிருந்து கேட்டது.

தட், தட்.

தட், தட்.

இசைத்தட்டு நின்றிருந்தது. ஓரியே திரும்பவில்லை. முழங்கால் மடங்கி நிமிர்கிற சின்ன முறுக்கல் சத்தம், அப்புறம் மூச்சு. அவர் ஊருக்காகக் காத்திருக்கவில்லை.

"இருங்க" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "பார்லி டீ போடறேன். குடிச்சுட்டுப் போகலாம்."

நிமிராமலேயே அடுப்பங்கரைக்குள் போய், இரண்டு கோப்பையில் ஊற்றி, ஒன்றின் பக்கத்தில் உப்புக் கடற்பாசித் துண்டு ஒன்றை வைத்தாள். எதிரே உட்கார்ந்து தன் கோப்பையை எவ்வளவு மெதுவாகக் குடிக்க முடியுமோ அவ்வளவு மெதுவாகக் குடித்தாள். எதிர்க் கோப்பையில் ஆவி குறைந்துகொண்டே வந்து நின்றது. தொட்டுப் பார்த்தாள். ஆறிவிட்டது.

கண்ணைத் துடைத்தாள். இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் தூக்கினாள்.

"வாழ்த்தி மூணு" என்றாள்.

முதல் இரண்டும் இரண்டு ஜோடிக் கையின் சத்தமாக ஒட்டி விழுந்தன. கடைசித் தட்டை அவள் ஒருத்திதான் தட்டினாள்.