வீடு திரும்பாத மூன்றாம் கம்பி

சிங்கப்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடை மேடையில்தான் கஸ்தூரி முதன்முதலாகப் பெடல் ஸ்டீல் கிட்டாரைப் பார்த்தாள். நான்கு காலில் மேசை போல நிற்கிற வாத்தியம். மேலே கம்பிகள், கீழே மிதிப்பதற்குப் பெடல்கள். வாசித்தவர் ஓர் இரும்பு உருளையைக் கம்பிகளின் மேல் வழுக்கிக்கொண்டே போக, சுருதி குழைந்து குழைந்து வந்தது. கடையில் எல்லோரும் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கஸ்தூரியோ கைப்பையைக் கணவன் மடியில் போட்டுவிட்டுப் போய், மேடையோரம் தரையில் உட்கார்ந்து, வாத்தியத்தின் அடிவயிற்றை எட்டிப் பார்த்தாள். ராஜசேகரனுக்கு மானம் போய்விட்டது.

"என்னங்க, பெடல மிதிச்சா அடியில ஒரு தண்டு இழுக்குது. கம்பி இறுகிச் சுருதி ஏறுது. கால எடுத்தா திரும்பி வந்துடுது. என்னமா யோசிச்சிருக்காங்க!" என்றாள் திரும்பி வந்து. எல்லை தாண்டிச் செனாய் ஊரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவள் வேறெப்படிப் பேசுவாள்? சங்கீதம் அவளுக்குக் காது வழியாக வருமுன் கண் வழியாக வந்துவிட்டது.

பழையது ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினாள். வேலை முடிந்து வந்து உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்தச் சாத்த, தானே கற்றுக்கொண்டாள். கடைசியில் ஹேமநாதன் நடத்தும் கல்யாணக் கச்சேரிக் குழுவில் இடமும் பிடித்தாள். லாரி ஓட்டும் ராஜசேகரன் ஓய்வு நாட்களில் அவளுடைய ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவான். அதில் அவனுக்கு ஒரு கர்வம் உண்டு, மறைக்கவும் மாட்டான்.

அந்த இடத்துக்குத்தான் இப்போது ஆபத்து. ஒத்திகையில் மூன்றாம் கம்பி மானத்தை வாங்கியது. பெடலை மிதித்தால் சுருதி சரியாக ஏறியது, காலை எடுத்தால் பழைய இடத்துக்கு முழுதாக இறங்கவில்லை. ஒரு மயிரிழை மேலேயே நின்றுகொண்டது. பாடகி ஷர்மினி பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"தப்பா நினைக்காதீங்க கஸ்தூரி," என்றார் ஹேமநாதன். "சனிக்கிழமை கல்யாணம். அதுக்குள்ள சரியாகலன்னா உங்க பகுதிய கீபோர்டுல வாசிச்சுக்கறோம். அப்புறம் பார்க்கலாம்லா."

அந்த 'அப்புறம்' வரவே வராது என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் கார் நிறுத்துமிடத்தில் பழைய மெத்தையை விரித்து, வாத்தியத்தைக் குப்புறக் கவிழ்த்தாள். "சுருதிச் சாவியக் கொஞ்சம் திருகிப் பாரேன்," என்றான் ராஜசேகரன், பெரிய வித்வான் மாதிரி.

"சாவி மேல தப்பே இல்லங்க. இங்க இறக்கினா, மிதிக்கும்போது ஏற வேண்டிய இடத்துக்கு ஏறாது. ஒண்ண மறைக்க இன்னொண்ணக் கெடுக்கறதா?"

ஒன்றைத் தொட்டால் அதைச் சோதித்து முடிக்காமல் அடுத்ததைத் தொடமாட்டாள். கம்பியை மாற்றினாள், கோளாறு போகவில்லை. இழுக்கும் தண்டு அளவுக்கு மீறி இறுகியிருக்கிறதா என்று பார்த்தாள், அது தளர்வாகத்தான் ஆடியது. ஸ்பிரிங்கை மாற்றினாள், அப்படியும் சரியாகவில்லை. கடைசியில் அந்தத் தண்டையே கழற்றி வைத்துவிட்டு, கம்பி போய் மாட்டியிருக்கும் சின்ன உலோகத் துண்டைக் கையால் அசைத்தாள். வரிசையாக நிற்கும் அந்தத் துண்டுகளுக்கு வாசிப்பவர்கள் வைத்த பெயர் விரல். மற்ற விரல்கள் தட்டினால் துள்ளித் திரும்பின. மூன்றாவது மட்டும் சோம்பேறித்தனமாக நகர்ந்து, பாதி வழியில் நின்றது.

"ஆள் சிக்கிட்டான்," என்றாள். குரலில் உயிர் வந்திருந்தது.

சுத்தம் செய்யும் திரவத்தை இரண்டு சொட்டு விட்டு, பல்குச்சியால் இடுக்கில் மெல்லக் கிண்டினாள். மஞ்சளாக ஒரு துணுக்கு வெளியே வந்தது. முகர்ந்து பார்த்தாள். குச்சியைக் கணவனின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

சந்தனம்.

ஆயுத பூஜை அன்று அவள் வேலையில் இருந்தாள். லாரிக்குப் பொட்டு வைத்த கையோடு, மனைவியின் வாத்தியத்தை விட்டுவிடுவதா என்று அவன்தான் தாராளமாகச் சந்தனத்தைக் குழைத்து, பளபளவென்றிருந்த அந்த விரல் வரிசையின் தலையிலேயே பொட்டு வைத்தான். லாரியின் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், கிட்டாருக்குச் சந்தனம். மறுநாள் காலையில் ஈரத்துணியால் துடைத்தும் வைத்தான். மேலே இருந்தது போனது, உள்ளே வழிந்தது காய்ந்து ஒட்டிக்கொண்டது.

"நான்தான் கஸ்தூரி… உனக்கு நல்லது நடக்கணும்னு…" என்று இழுத்தான்.

அவள் அவனையே பார்த்தாள். பிறகு சிரிப்பை அடக்கமுடியாமல் மெத்தை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "அடுத்த வருஷம் வாத்தியத்தோட கால்ல வைங்க. அது எங்கயும் நகராது."

சனிக்கிழமை செனாய் மண்டபத்துக்குச் சீக்கிரமே போய், வாத்தியத்தை ஏர்கான் குளிருக்குப் பழகவிட்டு, மறுபடி சுருதி பார்த்தாள். ஹேமநாதன் வந்து குனிந்து கேட்டார். "என்னதான் கோளாறு?"

ஸ்பீக்கரை வைத்துக்கொண்டிருந்த ராஜசேகரனுக்குக் காது சுட்டது. குழுவே கேட்டுக்கொண்டிருந்தது.

"உள்ள அழுக்கு சேர்ந்திருந்திச்சு அண்ணே. நான்தான் கவனிச்சிருக்கணும்," என்றாள் கஸ்தூரி, அவன் பக்கம் திரும்பாமலேயே.

முதல் பாட்டு. பெடலை மிதித்தாள், சுருதி ஏறியது. காலை எடுத்தாள். மூன்றாம் கம்பி இம்மியும் பிசகாமல் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. ஹேமநாதன் கீபோர்டுக்காரரைப் பார்த்துக் கை அசைத்தார்: நீ விடு, அவங்களே வாசிக்கட்டும்.

பின்சுவரில் சாய்ந்து நின்ற ராஜசேகரனின் கண்ணில் தண்ணீர் கொட்டியது. இப்படி ஒருத்தி தனக்கு வாய்த்தாளே என்று மனம் நிறைந்து வழிந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் அவன் தோளைத் தட்டினார்.

"அழாதீங்க தம்பி. பொண்ணு வீடா?"

"இல்லங்கய்யா," என்றான் ராஜசேகரன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "கிட்டார் வீடு."