ஓரத்தில் எழுதியிருந்தவை

போன வாரம் என் மகன் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினான். பழைய பொருட்களை ஏலம் விடும் ஏதோ ஒரு செயலி. அதில் வெள்ளைக்காரர் காலத்துச் சமையல் புத்தகம் ஒன்று. முதுகு பிய்ந்து, அட்டை ஆடிக்கொண்டு, பாதி உடம்பைக் கரையானுக்குக் கொடுத்துவிட்டு நின்றது. அதற்குப் போய் ஆட்கள் அடித்துப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இவ்ளோ கிழிஞ்ச புக்குக்கு ஏம்ப்பா இவ்ளோ போட்டி?" என்றான்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு விவரத்தைப் படித்தேன். 'முந்தைய உரிமையாளர் பென்சிலால் எழுதிய குறிப்புகளுடன்' என்று போட்டிருந்தது. அதுதான் விசேஷமாம். அதற்குத்தான் கூடுதல் மதிப்பாம்.

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பால்கனிக்குப் போய், கீழே தண்ணீர் லாரி ரிவர்ஸில் வருவதை வேடிக்கை பார்த்தேன். மேடவாக்கத்தில் குடியிருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. மனசு சரியில்லாதபோது பார்த்துக்கொண்டிருக்க எப்போதும் ஒரு தண்ணீர் லாரி கிடைக்கும்.

பென்சில் எழுத்து என்றால் எல்லாருக்கும் பள்ளிக்கூடம் ஞாபகம் வரும். எனக்கு வருவது பல்லாவரத்து ஏலக்கடையும், அங்கே என் விரலில் ஒட்டிக்கொண்டு கடைசிவரை போகாத அழிரப்பர் வாசனையும். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, முன்பு அரிசி குடோனாக இருந்த கட்டடம். மழை பெய்தால் அரிசி வாசனையும் எலி வாசனையும் சேர்ந்து வரும். பி.காம். முடித்த கையோடு அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். முடித்தேன் என்பதைவிட, பி.காம். என்னைப் பார்த்து இரக்கப்பட்டு விட்டுவிட்டது என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். கையெழுத்து நன்றாக இருந்ததால் முதலாளி நாதன் சார் என்னை எடுத்துக்கொண்டார். பெயர் குமாஸ்தா. வேலை, பொருட்களைத் துடைத்து எண் எழுதிய சீட்டு ஒட்டுவது.

தாம்பரம், செம்பாக்கம், கீழ்க்கட்டளை என்று சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டைக் காலி செய்தாலும் சாமான்கள் எங்களிடம் வரும். வெளிநாட்டுக்குப் போகிறவர்கள், தனி வீட்டை விற்றுவிட்டு அடுக்குமாடிக்குப் போகிறவர்கள். ஒரு கோப்பை மட்டும் குறைகிற டீ செட், காது உடைந்த பீங்கான் நாய்கள், நாலாவது பாகம் மட்டும் இல்லாத கலைக்களஞ்சியம். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு நாதன் சார் மேஜைக்குப் பின்னால் நின்று "ஒரு தரம்" என்று ஆரம்பித்தால் குடோனே அதிரும். விரிசல் விட்ட தட்டை யாராவது குற்றம் சொன்னால், "அது விரிசல் இல்ல சார், வயசு" என்பார். வியாபாரிகள் ஏமாறமாட்டார்கள். பீங்கானைச் சுண்டிப் பார்த்து, ஓசையைக் கேட்டே அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார்கள். எனக்கு எல்லா ஓசையும் ஒரே மாதிரிதான் கேட்டது. இருந்தாலும் நானும் சுண்டித் தலையாட்டுவேன்.

புத்தகங்களுக்கு நாதன் சார் ஒரே ஒரு விதி வைத்திருந்தார். "சுத்தமா இருந்தா புக்கு. கிறுக்கியிருந்தா எடைக்கு." ஆகவே ஏலத்துக்கு முன்னால் எல்லாப் புத்தகத்தையும் சுத்தம் செய்ய வேண்டும். பெயர், அடிக்கோடு, ஓரக் குறிப்பு, பென்சிலில் எது இருந்தாலும் அழிக்க வேண்டும். முதலில் ரப்பர். பிறகு முந்தாநாள் பிரெட்டின் நடுப்பகுதியை உருண்டையாகப் பிடித்துத் தாளின் மேல் மெல்ல உருட்டினால் மிச்சக் கறுப்பும் வந்துவிடும். முதல் மாதம் துணுக்குகளைச் சரியாகத் தட்டாமல் விட்டு, ஏலம் எடுத்தவர் வீட்டுக்குப் புத்தகத்தோடு எறும்பையும் அனுப்பிவைத்தேன். பிறகு கை தேர்ந்துவிட்டது. எங்கள் கடையில் சுமை தூக்குகிற ஏழுமலை என்னைப் பற்றி எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வார்: "நம்ம சார் கைல ஒரு புக்கு மாட்டிக்கினா அவ்ளோதான். பெத்தவங்க யாருன்னே அதுக்குத் தெரியாது." நான் அதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஹமீது பாயின் சாமான்கள் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. தோல் வியாபாரம் செய்து ஓய்ந்தவர். மனைவி இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கீழ்க்கட்டளையில் இருந்த வீட்டை விற்றுவிட்டு மகனுடைய ஃபிளாட்டுக்குப் போகிறார். அங்கே கண்ணாடி அலமாரி வைக்க இடமில்லை. அதில் இருந்த பீங்கானும் புத்தகமும் அந்த அம்மா வருஷக்கணக்காகச் சேர்த்தவை. பாதிக்கு மேல் எங்கள் கடையிலேயே வாங்கியவை என்று ஏழுமலை சொன்னார். "அந்தம்மா ஞாயித்துக்கிழம வந்தா ஒரு கப்பு, ஒரு புக்கு. ரெண்டும் இல்லாத போவாது. பாய் வெளிய வண்டில குந்திகினு இருப்பாரு."

பாய் அன்றும் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். "பாத்து எறக்குங்கப்பா" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பெட்டியில்தான் அந்தச் சமையல் புத்தகம் இருந்தது. இங்கே வந்திறங்கிய துரைசானிகளுக்காக யாரோ ஒரு துரைசானி எழுதியது. அச்சு இங்கிலீஷில். ஓரமெல்லாம் பொடிப்பொடியாகப் பென்சிலில் தமிழ். பக்கத்துக்கு ஒன்றிரண்டாவது இருந்தது. அழிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. எனக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது என்பதால் ஒவ்வொன்றையும் படித்துவிட்டுத்தான் அழித்தேன். கோழி சூப்புக்குப் பக்கத்தில்: 'மிளகு மூன்று பங்கு வேண்டும். துரைக்கு எப்படித்தான் சளி போச்சோ.' புட்டிங்குக்குப் பக்கத்தில்: 'முட்டை வாடை அவருக்கு ஆகாது. ஏலக்காய் தட்டிப் போட்டேன். பேசாமல் சாப்பிட்டார்.' மீன் சமாச்சாரம் ஒன்றின் கீழே: 'செய்தேன். பூனை முகர்ந்துவிட்டுப் போய்விட்டது.' இதைப் படித்துச் சிரித்து, ஏழுமலையைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டி, அவரும் சிரித்த பிறகு ரப்பரை எடுத்துத் தேய்த்தேன். எழுதியவர் அழுத்தி எழுதுகிறவர் இல்லை. சுலபமாகப் போய்விட்டது.

சனிக்கிழமை மத்தியானம் பாய் ஆட்டோவில் வந்து இறங்கினார். மூச்சு வாங்கியது.

"தம்பி, மஸ்கட்லேர்ந்து பொண்ணு போன் பண்ணுச்சு. அம்மா சமையல் புக்குல ஓரத்துல எழுதி வச்சிருக்கும், அத்தா, அத மட்டும் குடுத்துடாதீங்கன்னு அழுவுது. அவ என்ன எழுதுனான்னு நான் பாத்ததே இல்ல. அவ புக்கு, நான் எதுக்குத் தொடணும்னு விட்டுட்டேன்."

நாதன் சார், "எடுத்துக் குடுப்பா" என்றார். எடுத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய.

பாய் முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் தொழில் அவ்வளவு சுத்தம். கடைசிப் பக்கம் வரை போய் மூடினார்.

"இது இல்ல தம்பி. இது யாரும் படிக்காத புக்கு."

நாதன் சார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "வேற ஒண்ணு இருக்கும் பாய், தேடிடலாம்" என்றார் சார். அது அவர் சொன்ன பொய். அதற்கு மேல் நான் செய்தது மோசம். பாயோடு சேர்ந்து நானும் தேடினேன். மூன்று மணி நேரம், பெட்டி பெட்டியாக, சட்டை நனைய, இல்லாத புத்தகத்தைத் தேடினேன். போகும்போது பாய் என் தோளைத் தட்டி, "உனக்குத்தான் சிரமம்" என்றார்.

அடுத்த ஞாயிறு வந்தார். அதற்கு அடுத்த ஞாயிறும். ஏலம் ஆரம்பிக்குமுன் புத்தக மேஜையருகே நின்று, சமையல் என்று எது வந்தாலும் புரட்டிப் பார்ப்பார். நாதன் சார் அவர் பீங்கானை ஒவ்வொன்றாக ஏலம் விட்டபோது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்தப் புத்தகத்தை மட்டும் நான் சீட்டு ஒட்டாமல் என் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். ஆறாவது ஞாயிறு காலையில் ஏழுமலை என்னைத் தண்ணீர்த் தொட்டி பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"இன்னா சார் இது. அந்தாளு பேஜாராயிட்டாரு. நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

அன்று ஏலம் முடிந்ததும் பாயைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். கழுவிக் கவிழ்த்திருந்த தட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு, "பாய், அதே புக்குதான் அது. நான்தான் எல்லாத்தையும் அழிச்சேன்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்தார்.

"எல்லாத்தயுமா?"

"எல்லாத்தயும்."

"படிச்சியா?"

"படிச்சேன் பாய்."

ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சொல்லு" என்றார்.

சொன்னேன். சூப்பு, புட்டிங், பூனை. பூனைக்கு அவர் சிரித்தார். "பூனைக்கும் குடுத்தாளா. எனக்கு ரெண்டு தடவ வச்சா." சிரித்து முடித்ததும் கைக்குட்டையை எடுத்தார். ஒன்பதோ பத்தோ ஞாபகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். புத்தகத்தைக் கொண்டுவந்து, அந்தந்த இடத்தில் நானே திரும்ப எழுதித் தருகிறேன் என்றேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று வேறு சொன்னேன். மனிதனுக்கு எந்த நேரத்தில் பெருமை வருகிறது பாருங்கள்.

"வேணாம் தம்பி. உன் கையெழுத்து அதுல வேணாம்." கோபமாகச் சொல்லவில்லை. புத்தகத்தை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

இனி வரமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறும் வந்தார். ஏலம் முடிகிறவரை வெளியே நின்று, நான் வந்ததும் எனக்கும் சேர்த்து டீ சொல்லிவிட்டு, "சொல்லு" என்றார். அதையே சொன்னேன். அதற்கடுத்த வாரமும் அதையே. கேட்டுக்கொண்டுதான் இருந்தார், ஆனால் ஒவ்வொன்றும் முடியும்போது அவர் முகம் அடுத்தது ஏதாவது வருமா என்று காத்திருந்தது. என்னிடம் அடுத்தது இல்லை. என்னிடம் இருந்தது வாய் மட்டும்தான்.

நாலாவது வாரம் சொந்தச் சரக்கிலிருந்து ஒன்றை எடுத்து விட்டேன். "மாம்பழ ஜாமுக்குப் பக்கத்துல எழுதியிருந்தாங்க பாய். 'பாட்டிலை ஒளித்து வைத்தேன். கண்டுபிடித்துவிட்டார். ஸ்பூனைக் கழுவத் தெரியவில்லை'ன்னு." பாய் தொடையில் தட்டிச் சிரித்தார். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அந்தச் சிரிப்புக்காக அடுத்த வாரம் இன்னொன்று. அதற்கடுத்த வாரம் இரண்டு. எனக்கு அந்த அம்மாவின் நடை பிடிபட்டுவிட்டது. பஸ்ஸில் வரும்போதே யோசித்துக்கொண்டு வருவேன். நல்லது செய்கிறேன் என்று நினைப்பு.

ஒரு வாரம், எது என்று இப்போது நினைவில்லை, ஏதோ ஒன்றைச் சொன்னேன். பாய் சிரிக்கவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அவ அப்படி எழுத மாட்டா" என்றார்.

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பஸ் போயிற்று. இன்னொரு பஸ் போயிற்று.

"பரவால்ல" என்றார். "நீ சொல்லு."

அடுத்த வருஷம் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி ஆபீசில் வேலை கிடைத்துப் போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமைகள் என் கல்யாணத்துக்கும், பிறகு குழந்தையின் தடுப்பூசிக்கும் செலவாகிவிட்டன. பாய் இறந்த செய்தியை ஏழுமலைதான் போன் செய்து சொன்னார். நான் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

சில மாதம் கழித்து, மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்த அவர் மகள் என்னைத் தேடிக் கண்டுபிடித்து ஆபீசுக்கே வந்தார். கையில் புது நோட்டும் பேனாவும்.

"அம்மா எழுதினது எல்லாம் உங்களுக்கு மனப்பாடம்னு அத்தா சொல்லிக்கிட்டே இருப்பாங்கண்ணா. சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

நான் சூப்பைச் சொன்னேன். புட்டிங், பூனை சொன்னேன். அத்துடன் நிறுத்திவிட்டு, மற்றதெல்லாம் மறந்துவிட்டது என்றேன். அவருக்கு ஏமாற்றம். "அந்த ஜாம் பாட்டில்? அத நீங்க சொல்லலியே. அத்தா அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. அம்மா அப்படியேதான்ணா பேசுவாங்க. அச்சு அசல் அதே வாய்." சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதிக்கொண்டார். நான் சொன்ன சொல்லில் ஒன்றுகூடக் குறையாமல் எழுதினார். நான் தடுக்கவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டை மூடுகிறவரை மேஜையிலிருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தேன்.

நாதன் சார் போய்விட்டார். குடோன் இருந்த இடத்தில் நாலு மாடிக்கு டைல்ஸ் கடை நிற்கிறது. ஏழுமலையின் நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் சொல்கிறாள். பூனை அந்த அம்மாவுடையது, சத்தியம் செய்வேன். மிளகும் அவருடையதுதான். ஏலக்காய்? பாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னது நன்றாக ஞாபகமிருக்கிறது. தாளில் படித்தது ஞாபகமில்லை. போன வருஷம்வரை இருந்தது. இன்னும் ஏழெட்டு வாக்கியங்கள் எனக்குள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கிறேன். எல்லாம் என் குரலில்தான் கேட்கிறது.