இடப்பக்கம் இழுக்கும் வண்டி

மட்டாஞ்சேரி படகு ஜெட்டி டாக்சி ஸ்டாண்டில் சங்கரலிங்கத்தைப் பாண்டி சங்கரன் என்றுதான் கூப்பிடுவார்கள். தமிழனை அங்கே பாண்டி என்பார்கள். அந்தப் பெயரில் கேலி பாதி, பிரியம் பாதி. பதினாலு வயதில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து ஓட்டலில் இலை எடுத்தவர், பிறகு லாரியில் கிளீனர், பிறகு யார் யார் கார்களுக்கோ டிரைவர். எழுபத்துநாலில் ஒரு பழைய அம்பாசிடரைச் சொந்தமாக வாங்கி, கறுப்பு உடம்பும் மஞ்சள் மண்டையுமாக டாக்சி ஆக்கினார். மலையாளம் சரளமாகப் பேசுவார். எழுத்து மட்டும் தெரியாது. தமிழ்ப் பேப்பரையே எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். மனைவி ஓமனா பக்கத்துக் கும்பளங்கியைச் சேர்ந்த மலையாளத்துக்காரி. கட்டிக்கொண்டு வந்த புதிதில் ரசம் வைக்கப் படித்துக்கொண்டது போலவே தமிழும் பேசப் படித்துக்கொண்டாள்.

அவர் வண்டி ஓட்டுவதைப் பற்றி ஸ்டாண்டில் இரண்டு கருத்து கிடையாது. அவர் குடியிருந்த சந்தில் எந்த வீட்டில் பிரசவ வலி கண்டாலும் ஆள் நேரே அவரிடம்தான் ஓடி வரும். மழைக்காலத்தில் ரோட்டில் தண்ணீர் நிற்கும்போதுகூடப் பள்ளம் எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியும். வண்டிக்குள் வலியோடு படுத்திருப்பவளுக்கு ஒரு குலுக்கல் தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டபின், குழந்தை பிறந்த சேதி வரும்வரை ஒரு சாயா குடித்துக்கொண்டு அங்கேயே நிற்பார். அது யாரும் கேட்டுச் செய்தது அல்ல.

எண்பத்திரண்டு ஜூன் மாதம், மழை பிடித்த நாலாம் நாள். ஹார்பர் ஸ்டேஷனில் ஒரு நர்ஸ் பெண்ணை ரயிலேற்றிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். பாலம் இறங்கித் தோப்பும்படி முக்குக்கு வந்தபோது, இடப்பக்கத் தெருவிலிருந்து ஐஸ் ஏற்றிய லாரி ஒன்று நிற்காமல் வந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். ஈர ரோட்டில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. லாரியின் பம்பர் இடது முன்மூலையில் ஏறியது. சத்தம் அடங்கியபோது முழங்கால் டாஷ்போர்டில் இடித்திருந்தது, அவ்வளவுதான். இறங்கிப் பார்த்தார். இடது சக்கரம் உள்ளே மடங்கிக் கிடந்தது. உடைந்த ஐஸ் கட்டிகள் மழையில் கரைந்துகொண்டிருந்தன.

“ஆளுக்கு ஒண்ணும் ஆகலையே, அது போதும்,” என்று கூடியவர்கள் சொன்னார்கள். அவரும் அன்று அப்படித்தான் நினைத்தார்.

தப்பு லாரிக்காரன் மேல் என்பதில் சந்தேகம் இல்லை. இன்சூரன்சில் இருந்து ஒரு ஆள் வந்து பார்த்தார், எழுதினார், தேவராவில் உள்ள ஒரு வொர்க்‌ஷாப்பைக் காட்டி, அங்கே விடுங்கள் என்றார். அதை நடத்திய நாணு மேஸ்திரி வாய்நிறைய வெற்றிலையும் சிரிப்புமாக இருப்பவர். “ஓணத்துக்கு முன்னே புதுப்பெண்ணு மாதிரி தரேன் சங்கரா,” என்றார்.

சொன்ன சொல் தவறவில்லை. ஓணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஆள் அனுப்பினார். சங்கரலிங்கம் போய்ப் பார்த்தபோது நெஞ்சு நிறைந்துவிட்டது. நசுங்கிய இடம் எதுவென்று தெரியவில்லை. கறுப்புப் பெயின்டில் அவர் முகம் தெரிந்தது. கதவைத் திறந்து மூடினார், திறந்து மூடினார்.

“இங்கே ஒரு ஒப்பு போடு. ஆபீசுக்கு அனுப்பணும்,” என்று நாணு ஒரு காகிதத்தை நீட்டினார். மலையாளத்தில் டைப் அடித்திருந்தது. சங்கரலிங்கம் பானெட்டின் மேலேயே வைத்துத் தமிழில் கையெழுத்துப் போட்டார்.

தேவராவுக்கும் மட்டாஞ்சேரிக்கும் நடுவே இருந்த ஐலண்டின் நேர் ரோட்டுக்கு வந்ததும் தெரிந்துவிட்டது. ஸ்டியரிங்கில் கையைக் கொஞ்சம் தளர்த்தினால் வண்டி இடப்பக்கம் போனது. திருப்பிக் கொண்டுவந்தார். மறுபடியும் போனது. இறங்கி நாலு டயரையும் உதைத்துப் பார்த்தார். காற்று சரியாக இருந்தது. ரோட்டோரம் ஐந்து நிமிஷம் சும்மா நின்றார். பிறகு வலது தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

மறுநாளே தேவராவுக்குப் போனார். “எல்லாம் புது சாமானமில்லே? பத்து நாள் ஓடட்டும், தானே இணங்கும்,” என்றார் நாணு. பத்து நாள் ஓடியது, இணங்கவில்லை. அடுத்த முறை, “எடா, நம்ம ரோடே இடப்பக்கம் சரிஞ்சு கெடக்கு. மழைவெள்ளம் போகணுமில்லே?” என்றார். மூன்றாம் முறை வண்டியை இரண்டு நாள் நிறுத்திவைத்து எதையோ முறுக்கிக் கொடுத்தார். ஒரு வாரம் சற்றுத் தேவலை போல இருந்தது. பிறகு முன்னைவிட மோசம். இடது டயரின் ஒரு ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்து நூல் தெரிந்தது. நாலாம் முறை போனபோது மேஸ்திரி இல்லை என்றார்கள். உள்ளே அவர் இருமுகிற சத்தம் கேட்டது.

ஸ்டாண்டில் அவருக்கு நெருக்கம் நல்லசிவம். அதே திருநெல்வேலிச் சீமைக்காரர், பத்து வயது இளையவர். ஒருநாள் எரணாகுளத்திலிருந்து திரும்பும்போது பின்னாலேயே ஓட்டி வந்தவர், வந்து நின்றதும் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“அண்ணாச்சி, தப்பா எடுத்துக்காதீங்க. பின்னாடி இருந்து பாத்தா உங்க வண்டி நேரா வரல. குறுக்கால போற மாதிரி இருக்கு. முன்சக்கரம் ஒரு தடத்துல, பின்சக்கரம் வேற தடத்துல போகுது.”

“எனக்குத் தெரியும்ல. எனக்குத் தெரியாதா?” என்றார் சங்கரலிங்கம். குரல் உயர்ந்துவிட்டது. பிறகு இருவருமாகப் பள்ளுருத்தியில் அழகரிடம் வண்டியைக் கொண்டுபோனார்கள்.

அழகர் அதிகம் பேசாத மெக்கானிக். வண்டியை மட்டமான தரையில் நிறுத்தி, அடியில் படுத்து, முன்மூலையிலிருந்து எதிர்ப் பின்மூலைக்கு ஒரு சணல் கயிற்றைப் பிடித்து முடிச்சுப் போட்டார். அதே கயிற்றை மறு குறுக்கில் பிடித்துப் பார்த்தார். முடிச்சு இரண்டு விரல் அகலம் தள்ளி நின்றது. பிறகு ஒரு ஸ்க்ரூ டிரைவரால் இடது பக்கம் பானெட்டுக்குக் கீழே சுரண்டினார். பெயின்ட் போய், பட்டி போய், அதற்குக் கீழே அலையலையாக மடிந்த தகடு தெரிந்தது.

“எலும்ப நிமுத்தவே இல்ல. வளைஞ்சது வளைஞ்சபடி இருக்க, மேல தகடு வச்சுப் பத்தவச்சுப் பூசிருக்கான்,” என்றார் அழகர்.

“இப்ப நிமுத்தலாமா?”

அழகர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். “அறுக்கணும். அறுத்தா திரும்பப் பிடிக்குமான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். அன்னிக்கே செஞ்சிருக்கணும்.”

அன்று மத்தியானம் ஓமனா பெட்டியிலிருந்து நாணு கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்த காகிதத்தின் நகலை எடுத்தாள். அதுவரை அவர்கள் யாருக்கும் அதைப் பார்க்கத் தேவைப்பட்டதில்லை. ஜன்னலோரம் நின்று மனதுக்குள் படித்தாள். அவள் உதடு அசைவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சத்தமா வாயி,” என்றார். படி என்பதற்கு அவர்கள் வீட்டில் அந்த மலையாளச் சொல்தான்.

“வண்டியை நான் ஓட்டிப் பரிசோதிச்சு பார்த்தேன். எல்லா வேலையும் முழுத் திருப்தி. இனிமே இந்த விஷயத்துல எனக்கு ஒரு பராதியும் புகாரும் இல்ல.” அவள் நிறுத்தினாள். “கீழே உங்க ஒப்பு இருக்கு சேட்டா.”

அவர் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். வளைந்த வளைந்த எழுத்துகளுக்குக் கீழே ‘செ. சங்கரலிங்கம்’ என்று தன் பெயர் மட்டும் தெரிந்தது. “ஒரு வார்த்த உன்னக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்,” என்றார். இன்சூரன்ஸ் ஆபீசிலும் அந்தக் காகிதத்தைத்தான் எடுத்துக் காட்டினார்கள்.

கடைசியாக ஒருமுறை நாணுவைப் பார்க்கப் போனார். கேட்க வேண்டியதையெல்லாம் வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். கழுத்தைப் பிடிக்கிற ஆத்திரம் இருந்தது. நாணு அன்று ஒளிந்துகொள்ளவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

“நெசம் சொல்லட்டே சங்கரா? அந்த வளைவை இழுத்து நிமுத்துற ஜாக்கி என்கிட்டே இல்ல. முடியாதுன்னு சொன்னா வண்டி வேற எடத்துக்குப் போகும், ஆபீஸ்காரன் பின்னே என்கிட்டே ஒரு வண்டியும் விடமாட்டான். ஓடும்னு நெனச்சேன். எத்தனையோ வண்டி அப்படியே ஓடுது.”

“என் வண்டி ஓடலையே மேஸ்திரி.”

“ஓடுதில்லே? நீ அதில்தானே வந்தே?”

சங்கரலிங்கம் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். அழுக்குப் பனியன், இருமல், பின்னால் வண்டியைத் தூக்கி நிறுத்தும் துருப்பிடித்த இரண்டு ஸ்டாண்டு. சண்டை போட எதுவும் மிச்சமில்லாதது போல இருந்தது. எழுந்து வந்துவிட்டார்.

அதன்பிறகு நாலு வருஷம் அந்த வண்டியைத்தான் ஓட்டினார். வேறு என்ன செய்வது? வலது கையால் எந்நேரமும் ஸ்டியரிங்கை வலப்பக்கம் இழுத்துப் பிடித்தபடி ஓட்டினார். சாயங்காலமானால் தோள் கல்லாக இறுகும். ஓமனா எண்ணெய் தேய்த்து நீவிவிடுவாள். வண்டியில் ஏறியவர்கள் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார்கள். பிறகு ஸ்டாண்டில் அவர் முறை வந்தாலும் அடுத்த வண்டியைப் பார்த்து நடந்தார்கள்.

எண்பத்துநாலில் பக்கத்து வீட்டு அம்மிணியின் மகளுக்கு வலி கண்டது. அம்மிணி ஸ்டாண்டுக்கு ஓடி வந்தாள். சங்கரலிங்கம் பழக்கத்தில் எழுந்து சாவியை எடுத்துவிட்டார். அவள் அவரைத் தாண்டிப் போய் நல்லசிவத்தைக் கூப்பிட்டாள். ஏறும்போது திரும்பி, “கோபிக்காதே சங்கரா, முதல் பிரசவம்,” என்றாள். அம்மிணியையே இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர். “போயிட்டு வா சேச்சி,” என்றார். நல்லசிவம் அவர் முகத்தைப் பார்க்காமலே வண்டியைக் கிளப்பினார்.

வருஷா வருஷம் நடக்கும் தகுதிச் சோதனையில் ஆபீசர்கள் விளக்கையும் ஹாரனையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். எண்பத்தாறில் புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் தானே ஏறி ஓட்டினார். நூறடி போய் நிறுத்திவிட்டு இறங்கினார்.

“இதில் ஆளை ஏற்றியா ஓட்டுகிறீர்கள்?” என்று மலையாளத்தில் கேட்டார். கோபமாகக்கூட இல்லை. சங்கரலிங்கம் தலைகுனிந்து நின்றார். பர்மிட் அன்றோடு நின்றது.

இஞ்சி, மிளகு வியாபாரம் செய்துவந்த வெங்கிடாசலம் தன் காருக்கு நம்பிக்கையான டிரைவர் தேடுவதாக நல்லசிவம்தான் விசாரித்துச் சொன்னார். சங்கரலிங்கம் முன்பு டிரைவராக எடுத்திருந்த நல்ல பெயர் வெங்கிடாசலத்துக்குத் தெரியும். “உங்களை எல்லாம் நான் சோதிச்சுப் பார்க்கிறதா? சும்மா ஐலண்ட் வரைக்கும் ஒரு சுத்துப் போயிட்டு வருவோம்,” என்று பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். புது வண்டி. சாவி போட்டதும் பூனை உறுமுவது போல ஓடியது. பாலத்தைத் தாண்டி நேர் ரோடு வந்தது.

“பார்த்து,” என்றார் வெங்கிடாசலம்.

வண்டி நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போயிருந்தது. சங்கரலிங்கம் திருப்பினார். சற்று நேரத்தில் மறுபடியும், “ஐயோ, பஸ் வருது!” என்று பின்சீட்டிலிருந்து சத்தம். திருப்பினார். வண்டியில் ஒரு குறையும் இல்லை. அவர் கைதான் இழுத்தது. வேண்டாம் வேண்டாம் என்று மனது சொல்லச் சொல்ல வலது தோள் தன்பாட்டுக்கு இறுகியது. கையைத் தளர்த்தினால் எல்லாம் விட்டுப்போய்விடும் போலப் பயமாக இருந்தது. மூன்றாம் முறை எதிரே வந்த லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே கண்ணாடியை உரசாத குறையாகப் போனது.

“நிறுத்துங்க,” என்றார் வெங்கிடாசலம்.

நிறுத்தினார். வெங்கிடாசலம் இறங்கி வந்து, அவரைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, தானே ஓட்டிக்கொண்டு திரும்பினார். ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இறக்கிவிடும்போது, “உடம்பைப் பாத்துக்கோங்க. கையைக் காட்டுங்க டாக்டர்கிட்ட,” என்றார் நல்ல மனுஷர்.

வண்டி சந்து மதிலோரம் ஒரு மழைக்காலம் முழுக்க நின்றது. பட்டி பூசிய இடமெல்லாம் கொப்புளித்து உதிர்ந்தது. பிறகு பழைய இரும்புக்காரர்கள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் வாசலில் நின்று பார்க்கவில்லை. ஓமனா தோப்பும்படியில் இறால் உரிக்கும் கொட்டகைக்குப் போக ஆரம்பித்தாள். அவருக்கு ஒரு தேயிலை குடோனில் கேட்டைத் திறந்து மூடுகிற வேலை கிடைத்தது. உள்ளே போகும் லாரிகளின் நம்பரை நோட்டில் எழுத வேண்டும். எண்களுக்கு மொழி கிடையாது என்பதால் அதில் சிரமம் இருக்கவில்லை.

எண்பத்தெட்டு ஜனவரியில் ஓமனா பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தவள் ஒரு சின்னப் புத்தகத்தோடு வந்தாள். “சேட்டா, லைசென்ஸ் இந்த மாசத்தோட முடியுது. போட்டோ எடுத்துக் கொடுத்தா புதுக்கிடலாம்.”

அவர் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார். தோள் இறுகிப்போய் வலது கையைத் தூக்க முடியாததால் அதற்கு நேரம் பிடிக்கும். “எதுக்கு?” என்றார்.

“இருக்கட்டுமே. எப்பவாச்சும்…”

“வேண்டாம் ஓமனே. விடு.”

அவள் புத்தகத்தைப் பெட்டியில் திரும்ப வைத்தாள். பிறகு அவர் அருகே வந்து, மிச்சமிருந்த இரண்டு பித்தான்களையும் போட்டுவிட்டாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு குடோனுக்கு நடந்தார்.