சூனியம் அல்ல, கியர் ஒயில்

இதை வாசித்துச் சிலர் சிரிப்பீர்கள். சிரியுங்கள். நடந்ததை நடந்தபடியே சொல்லப் போகிறேன்.

என் கணவர் அருளப்பனுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து இரண்டு வருடமாகிறது. திங்களும் வியாழனும் விடிகாலையில் மடுல்கெல்லையிலிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். கால் வீங்கியிருப்பதால் பஸ் படி ஏற அவரால் முடியாது. அதனால்தான் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் நான், நாற்பத்தாறு வயதில் கார் ஓட்டப் பழகினேன். கிளட்ச் இல்லாத பழைய ஓட்டோ கியர் கார். "பொம்பளை ஓட்டி எந்தப் பள்ளத்துல விழப்போகுதோ" என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் இதை வாசிக்கட்டும்.

போன தவக்காலத்தின் தொடக்கத்தில் கியர் ஒயில் மாற்ற வத்தேகமயில் ஒரு கராஜுக்குப் போனேன். அன்று செவ்வாய்க்கிழமை, பின்னேரம் அந்தோனியார் நவநாள். மெக்கானிக் பாஸ் காருக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருக்க, நான் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து நச்சரித்தேன்.

"பாஸ், பூசைக்கு நேரமாச்சு. சீக்கிரம் விடுங்க."

"போல்ட்டை இன்னொருக்கா பாத்துட்டுத் தாறேன் டீச்சர்" என்றார் அவர்.

நான் கேட்கவில்லை. சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தேன். நவநாளில் முன்வரிசையில் இடம் கிடைத்தது என்று சந்தோஷம் வேறு.

இரண்டு நாள் கழித்து, வீட்டு முன்னால் கார் நிற்கும் இடத்தில் சிவப்பாகச் சொட்டுகள். எங்களோடு இருக்கும் என் கணவரின் அக்கா பிலோமினா அண்ணிதான் முதலில் கண்டார்.

"ரீட்டா, இது குங்குமத் தண்ணி. எலுமிச்சங்காய் வெட்டி ஊத்தியிருக்காங்க. தம்பி உசுருக்கு யாரோ செஞ்சுட்டாங்க."

யாரோ என்று சொன்னாலும் அவர் கண் போனது பக்கத்து வீட்டுக்கு. அங்கே இருப்பவர் பார்வதி அக்கா. பிள்ளையார் கோயிலுக்குத் தவறாமல் போகிறவர். வேலி விசயத்தில் எங்களுக்கும் அவருக்கும் முன்பு ஒரு வாய்த்தகராறு இருந்தது. சந்தேகப்பட அது போதாதா?

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். குனிந்து ஒரு சொட்டைத் தொட்டு முகர்ந்திருந்தால் தெரிந்திருக்கும். செய்யவில்லை. பயம் வந்தால் படித்த படிப்பெல்லாம் எங்கே போகிறதோ! அண்ணி ஒவ்வொரு காலையும் உப்பும் தீர்த்தமும் ஊற்றி அந்த இடத்தைத் தேய்த்துக் கழுவினார். மறுநாள் புதிதாகச் சொட்டியிருக்கும். "பாத்தியா, விடமாட்டேங்குறா" என்பார். செபக்குழு வந்து கட்டு முறிக்கச் செபித்தது. நானும் பார்வதி அக்காவின் பெயரைச் சொல்லியே செபித்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. மூன்று வாரம் அவர் முகத்தை நான் ஏறிட்டும் பார்க்கவில்லை.

நான்காவது வாரம் திங்களன்று மரம் விழுந்து வீதி மூடியதால் ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. வியாழன் காலை என் கணவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பின் சீட்டில் சாய்த்து வைத்துப் புறப்பட்டேன். பன்விலைக்கு அப்பால் ஓர் ஏற்ற வளைவில் இன்ஜின் கத்தியது, கார் நகரவில்லை. எந்தக் கியரில் போட்டாலும் ஓர் அங்குலம் அசையவில்லை. போனில் சிக்னல் இல்லை. ஒரு வாகனத்தையும் காணோம். "ரீட்டா, இருட்டுற மாதிரி இருக்கு" என்றார் அவர். வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது.

டயருக்குக் கல் வைத்துவிட்டு வீதியிலேயே முழங்காலில் நின்றேன். கெஞ்சவில்லை. எனக்குக் கோபம் வந்தது. "ஆண்டவரே, மூன்று வாரம் சூனியத்தை முறியும் என்று கேட்டேன். இனிக் கேட்க மாட்டேன். யார் மேலும் பழி சொல்லவும் மாட்டேன். ஆனால் இந்த மனிசனை இந்த வளைவில் உமக்குத் தர மாட்டேன். என்ன பிழை என்று காட்டும். காட்டும் வரை எழும்ப மாட்டேன்!" என்று சத்தம் போட்டேன்.

முழங்காலில் நின்றதால்தான் கண்ணில் பட்டது. காருக்கு அடியில் சிவப்பாக ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது. சேலையோடு தரையில் படுத்துக் கையை நீட்டினேன். ஒரு போல்ட் என் விரல் பட்டதும் தளர்ந்து சுற்றியது. ஒயில் சுட்டது. சுடட்டும் என்று கையால் முடிந்த மட்டும் திருகினேன்.

அந்த நேரம் பின்னாலிருந்து மரக்கறி லொறி ஒன்று வந்து நின்றது. டிரைவர், ஒரு முஸ்லிம் நானா, இறங்கி வந்து, முதலில் இவரை லொறியில் ஏற்றப் பார்த்தார். கால் எழும்பவில்லை. பிறகு காருக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"டீச்சர், ஒயில் போற போல்ட் கழண்டு இரிக்கி. ஒயில் முழுக்கப் போயிட்டு. லொறி ஸ்டியரிங்குக்கு ஊத்துற ஒயில் என்ட்ட இரிக்கி, இதுக்கும் அதேதான். பயப்புடாதீங்க."

ஸ்பானரால் போல்ட்டை இறுக்கி, கொண்டுவந்த கேனை முழுக்க ஊற்றினார். கார் நகர்ந்தது. கண்டி வரை லொறி எங்கள் பின்னாலேயே வந்தது. "இன்னும் அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால்..." என்று டொக்டர் சொல்லத் தொடங்கினார். நான் முழுதும் கேட்க விரும்பவில்லை.

"அது வெறும் போல்ட், இதில் என்ன அற்புதம்?" என்பவர்களே, போல்ட்டைத் திருகியது என் கைதான். என்னை அந்தக் கல் வீதியில் முழங்காலில் நிறுத்தியது யார்? "சூனியம் முறிந்துவிட்டது" என்று இன்னமும் சொல்கிற செபக்குழுக்காரர்களே, உங்களுக்கும் சொல்கிறேன். செய்வினை எதுவும் இருக்கவில்லை. என் அவசரமும் என் சந்தேகமும்தான் இருந்தன.

அடுத்த நாள் பார்வதி அக்காவின் வாசலில் போய் நின்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன்.

"தெரியும் டீச்சர். செபத்துல என் பேரைச் சொன்னது வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டுச்சு. ஆனா அண்ணன் ஆஸ்பத்திரி போற நாள்ல நான் பிள்ளையாருக்கு வெளக்கு வைக்காம இருந்ததில்ல. நேத்தும் வச்சேன்."

யாருடைய செபம் கேட்கப்பட்டது என்று எங்கள் தேவாலயப் பங்கில் சிலர் என்னிடம் தர்க்கம் பண்ணுகிறார்கள். என்னோடு தர்க்கம் வேண்டாம். என் கணவர் உயிரோடு இருக்கிறார், அதற்காக ஒவ்வொரு நாளும் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். இப்போது செபத்தில் ஒருவர் பெயரைச் சொன்னால், அவருக்கு நன்மை கேட்கத்தான் சொல்கிறேன். கஷ்டத்தில் இருக்கிற சகோதரமே, நீங்களும் அவரிடம் துணிந்து கேளுங்கள், கோபத்தோடு என்றாலும் கேளுங்கள். ஆனால் அதற்கு முன், யார் மேல் சந்தேகப்படுகிறீர்களோ அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.