சாமியறைச் செடிக்கு ஊற்றிய பால்

சாமியறையில் கஞ்சாச் செடி வளர்த்தவள் நான். புலம்பெயர்ந்து வந்த பிளேஸ்டோவில், எங்கள் வீட்டில் நல்ல வெயில் விழுகிற ஜன்னல் அந்தச் சின்ன அறைக்குத்தான் இருந்தது. முருகன் படத்துக்குப் பக்கத்தில், குத்துவிளக்குச் சூடு படாத தூரத்தில், ஒரு பிளாஸ்டிக் வாளியில் அது நின்றது. சட்டப்படி குற்றம் என்று தெரியும். கோயிலில் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்போது வரவில்லை.

என் கணவருக்கு வயிற்றில் புற்றுநோய். பஸ் ஓட்டியவர். எந்த ஷிப்ட் முடித்து வந்தாலும் சோற்றுக் கோப்பையை வழித்துச் சாப்பிட்ட மனிதர், மருந்து ஏற்றத் தொடங்கிய பிறகு சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பினார். இந்தச் செடியைப் பாவித்தால் பசி வரும் என்று யாரோ சொன்னார்கள் என்று அவருடைய தம்பி அதைக் கொண்டுவந்தார். டொக்டரிடம் கேட்டோமா என்றால், இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

கூடவே உரப் போத்தல் ஒன்றும் தந்தார். "மச்சாள், இதில கொஞ்சம்தான் குடுக்கவேணும். இலை பச்சையா நிண்டா ஒண்டுமே குடுக்காதேங்கோ" என்றார்.

கொஞ்சம் என்ற சொல்லே எனக்கு ஆகாது. என் வீட்டில் கை நனைத்த எவரும் ஒரு கரண்டிச் சோற்றோடு எழும்பினதில்லை. எழும்ப விட்டால்தானே! செடி என்றால் மட்டும் வாய் வயிறு இல்லையா என்று நினைத்தேன். அவர் சொன்னதைவிட இரண்டு மடங்கு உரம் ஊற்றினேன். அரிசி கழுவிய தண்ணீர், சாமியறை என்றும் பாராமல் மீன் கழுவிய தண்ணீர் எல்லாம் ஊற்றினேன்.

வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் இருக்கும் சின்ன வேலுக்குப் பாலும் தேனும் இளநீரும் அபிஷேகம் செய்வேன். அந்தத் தீர்த்தத்தைக் கால் படுகிற இடத்தில் ஊற்றக்கூடாது, குசினிக் குழாயடியிலும் ஊற்றக்கூடாது. செடியடிதான் அதற்கு இடம். முன்பு பின்வளவு ரோசாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. இந்தச் செடி வந்த பிறகு முழுவதும் இதற்குத்தான். வேலில் பட்ட பால் வேருக்குப் போகும், வேரிலிருந்து இலைக்குப் போகும், இலையிலிருந்து அவருடைய வயிற்றுக்குப் போகும். இதைவிட நல்ல மருந்து எந்த ஆஸ்பத்திரியில் கிடைக்கும் என்று நம்பினேன். இன்றைக்கு நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது.

இலைகளின் நுனி தீய்ந்த மாதிரிப் பழுப்பாகத் தொடங்கியது. பசியில் வாடுகிறது என்று இன்னும் ஊற்றினேன். நுனி சுருண்டது. மண்ணில் புளித்த மணம் வந்தது, சின்னப் பூச்சிகள் பறந்தன. அதற்கும் ஒரு மூடி உரம்.

அவருக்கும் அதேதான். காலையில் முட்டைக்கோப்பி, பத்து மணிக்குக் கஞ்சி, மத்தியானம் எலும்பு ரசம். "இன்னும் ஒரு வாய், எனக்காக" என்று கரண்டியோடு நிற்பேன். அவரும் வாயைத் திறப்பார். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவார். தண்ணீர்ச் சத்தத்துக்குள் அவர் வாந்தி எடுப்பது எனக்குக் கேட்கும். கேட்காத மாதிரி அடுத்த வேளைக்கு வெங்காயம் உரிப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தார். வாளிக்குள் விரலை விட்டு மண்ணைக் கிளறி, மணந்து பார்த்தார்.

"என்ன மச்சாள் செய்தனீங்கள்? இது பசியால சாகேல்லை. சாப்பாட்டால சாகுது."

வாசல் நிலையைப் பிடித்தபடி என் கணவர் நின்றார். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண் கலங்கியது.

"இஞ்சாரும், நானும் ஏலாமத்தான் சாப்பிடுறன். உமக்காகத்தான் விழுங்கிறன்" என்றார்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. இரண்டு பேரும் சேர்ந்து என் சமையலைப் பழிக்கிறார்கள் என்றுதான் பட்டது.

"அப்ப சாப்பிடாமக் கிடந்து சாகப் போறியளோ?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. தம்பி தலையைக் குனிந்துகொண்டார்.

"ஓம்" என்றார் என் கணவர், கோபமே இல்லாமல். "சாப்பிட்டாலும் அதுதானே நடக்கப்போகுது."

தம்பி வாளியைக் குளியலறைக்குக் கொண்டுபோய் மண்ணை நிறையத் தண்ணீர் விட்டு அலசிப் பார்த்தார். செடி பிழைக்கவில்லை. ஒரு கறுப்புப் பையில் கட்டி எடுத்துப்போனார். அதிலிருந்து ஒரு இலைகூட என் கணவருக்குப் போய்ச் சேரவில்லை.

அதற்குப் பிறகு நான் அவரிடம் கரண்டியோடு போகவில்லை. சும்மா இருப்பது எனக்குத் தெரியாத வேலை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு கட்டிலோரம் இருந்தேன். கேட்டால் மட்டும் உதட்டை நனைத்துவிட்டேன். அவர் கதைத்தார். பஸ்ஸில் ஏறிய ஆட்களைப் பற்றி, மழைநாளில் டிப்போவில் நடந்த பகிடிகளைப் பற்றி. இத்தனை வருடமும் இவர் கதைக்கவே மாட்டார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். வாய் நிறையச் சோற்றை வைத்தால் யார்தான் கதைப்பார்கள்? பதினொரு நாள் கிடைத்தது. அது எனக்குக் காணவே காணாது, போதவே போதாது.

அவர் கண்ணை மூடிய பிறகு எட்டுச் செலவு வந்தது. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, படத்துக்கு முன்னால் இலையில் படைக்கிற நாள். சொந்தக்காரப் பெண்கள் விடியவே வந்து நண்டு, இறைச்சி, கத்தரிக்காய், பொரியல் என்று குசினியை நிரப்பிவிட்டார்கள். முதல் சோறு நான்தான் போடவேண்டும் என்று அவருடைய அக்கா அகப்பையை என் கையில் தந்தார்.

வாழையிலையின் நடுவில் ஒரு சின்ன அகப்பைச் சோறு வைத்தேன். அவ்வளவுதான்.

"என்ன இது? அவன் வயிறு நிறையச் சாப்பிடட்டும். வடிவாப் போடும்" என்றார் அக்கா.

"காணும், அக்கா. அவருக்கு இவ்வளவும் காணும்."

அகப்பையைத் தா என்று அவர் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.