வேதா தேய்த்துக் கெடுத்த காசுகள்

சத்யநாராயணனுக்கு 'சாதா' என்ற வார்த்தையே ஆகாது. ஓட்டலில் சர்வர், "சாதாவா சார், மசாலாவா?" என்று தோசைக்குக் கேட்டால்கூட மனுஷனுக்கு முகம் சுண்டிப்போகும். காரணம் இல்லாமல் இல்லை. பல்லாவரத்தில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் முப்பத்துநாலு வருஷம் ஸ்டோர்ஸில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் பேனாவும் பேப்பரும் கேட்டு வாங்கிப்போன பையன்களெல்லாம் மேனேஜர் ஆனார்கள். இவர் கடைசி நாள்வரை 'ஸ்டோர்ஸ் சத்யா'தான். ரிடையர் ஆன அன்று பேசவந்த முதலாளி மகன் இவர் பேரையே மாற்றிச் சத்யமூர்த்தி என்று சொன்னான். எல்லாரும் கை தட்டினார்கள்.

இப்படிப்பட்ட ஆள் தனக்கென்று ஒரு பொருள் வாங்கப் போனால் சாதாவையா வாங்குவார்?

பதினோரு வருஷத்துக்கு முந்தைய அட்சய திருதியை. பல்லாவரம் ஸ்டேஷன் பக்கம் பழைய காசு, புதுக் காசு எல்லாம் விற்கிற டெனிஸ் கடைக்கு, மனைவி வேதாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். டெனிஸ் கண்ணாடி மேஜைமேல் இரண்டு வெள்ளிக் காசுகளை வைத்தான். காசு என்றால் சின்னக் காசு இல்லை, ஒவ்வொன்றும் தட்டை அளவுக்கு இருந்தது. நூற்றைம்பது கிராமுக்கு மேல் எடை.

"ரெண்டும் ஒரே எடை, ஒரே வெள்ளி, ஒரே யானைப் படம் சார்," என்றான் டெனிஸ். "இது சாதா. புல்லியன்னு சொல்வாங்க. வெள்ளி விலைக்கு மேல கொஞ்சம்தான் வரும். இது கலெக்டர் எடிஷன், காசு சேர்த்து வைக்கிறவங்களுக்குன்னே அடிக்கிறது. கண்ணாடி மாதிரி பாலிஷ், மரப்பெட்டி, நம்பர் போட்ட சர்டிபிகேட். விலை அதைவிட ரெண்டு பங்கு."

வேதா தயங்கவே இல்லை. "ஒரே வெள்ளிதானேங்க? அந்தக் காசுக்கு சாதாவா ரெண்டு வாங்கிடலாமே."

டெனிஸ் நியாயமான ஆள், அவனும் ஒத்துப் பாடினான். "அக்கா சொல்றது சரிதான் சார். நாளைக்கு அவசரத்துக்கு விக்கணும்னா சாதாதான் நல்லது. கலெக்டர் பீஸ் வேணும்னா காசு மேல போட்டிருக்கிற பிளாஸ்டிக் மூடியை ஜென்மத்துக்கும் திறக்கக்கூடாது. விரல் பட்டாலே மதிப்பு போச்சு. அந்தப் பொறுமை இருந்தா எடுங்க."

சர்டிபிகேட்டில் நம்பருக்குக் கீழே வாங்குபவர் பெயர் எழுத ஒரு கோடு விட்டிருந்தது. சத்யநாராயணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டெனிஸிடம் பேனா வாங்கி, முழுப் பெயரையும் தகப்பனார் இனிஷியலோடு எழுதினார். திரும்பி வரும்போது ரயிலில் வேதாவிடம், "உனக்கு எப்பவும் அல்ப புத்தி. பெரிசா யோசிக்கவே வராது," என்றார். வேதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வருஷத்துக்கு ஒன்று. பதினோரு அட்சய திருதியைக்குப் பதினோரு பெட்டி. பொழிச்சலூரில் இருக்கிற வேதாவின் தம்பி ஷ்யாம்சுந்தரும் அதே டெனிஸிடம்தான் வாங்கினான். ஆனால் அவன் சாதாவாக, இரண்டிரண்டாக வாங்கிப் பழைய துணிப்பையில் போட்டு பீரோவுக்குள் தள்ளினான். "வெல்ல மண்டி மாதிரி வச்சிருக்கான் உன் தம்பி," என்று சத்யநாராயணன் விசேஷ வீடுகளில் எல்லார் காதிலும் விழும்படி கேலி பண்ணுவார். ஷ்யாம் சிரித்துக்கொண்டே பாயசம் குடிப்பான்.

சரி, பெட்டியை அப்படியே பூட்டி வைத்தாரா? அதுதான் இல்லை. யாரும் பார்க்காத பெருமை என்ன பெருமை! வருஷா வருஷம் அந்த நாள் காலையில் தலைக்குக் குளித்து, மடி வேட்டி கட்டிக்கொண்டு, பூஜை அலமாரி முன்னால் உட்காருவார். பெட்டிகளை வரிசையாக வைத்து, மூடிகளை ஒவ்வொன்றாகத் திறப்பார். ஊர்க்காற்றுக்கு வெள்ளி லேசாக மங்கியிருக்கும். வீட்டு வெள்ளிச் சாமானுக்கெல்லாம் நாம் என்ன செய்வோம்? திருநீறு போட்டுத் தேய்ப்போம். அவரும் அதைத்தான் செய்தார். பழைய வேட்டித் துணியில் திருநீற்றைத் தொட்டுத் தொட்டு, பளபளவென்று வரும்வரை தேய்ப்பார். பிறகு சந்தனம், குங்குமப் பொட்டு. பலகையில் அடுக்கிப் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டால், சாயங்காலம்வரை கும்பிடு போட்டு மெசேஜ் வந்துகொண்டே இருக்கும்.

மூன்றாவது வருஷமோ நாலாவது வருஷமோ வேதா சொல்லிப் பார்த்தாள். "ஏங்க, அந்தப் பையன் மூடியைத் திறக்கக்கூடாதுன்னு சொன்னானே? பொட்டை மூடி மேலயே வச்சா சாமி வேணாங்குமா?"

"சாமிக்கு பிளாஸ்டிக்லயா பொட்டு வைப்பாங்க? புளிக் கையோட கிட்ட வராதே, போ," என்று விரட்டினார். அவள் அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

வேதாவுக்கு முட்டி போனது அறுபதில். இவர்கள் வீடு சிட்லபாக்கம் ஏரிக்கரைப் பக்கம் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நடுவில் இரண்டு தரம் உட்கார்ந்து இறங்கினாள். அப்புறம் இறங்குவதையே விட்டாள். டாக்டரைப் பார்க்கத் தவிர எட்டு மாசமாக மண்ணில் கால் வைக்கவில்லை. காய்காரருக்குக் கயிற்றில் கூடை விடுவாள். சாயங்காலம் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏரிக்கரையில் நடக்கிற பெண்களைப் பார்த்தபடி நிற்பாள்.

அப்போதுதான் கீழ்வீட்டு கிறிஸ்டி டீச்சர் மகனோடு திருச்சிக்குப் போவதாக முடிவானது. "வேதாக்கா, நீங்க உங்க வீட்டைக் குடுத்துட்டு, மேல ஒரு தொகை போட்டா என் வீட்டை எடுத்துக்கலாம். மாசக் கடைசிவரைக்கும் வேற யார்கிட்டயும் பேசமாட்டேன்," என்றாள் அந்தப் புண்ணியவதி, மாடி ஏறிவந்து.

சத்யநாராயணன் தொடையைத் தட்டினார். வெள்ளி விலை எகிறிக்கொண்டிருந்த நேரம் அது. "பாத்தியா? உன்னைக் கீழே இறக்கப் போறது என் காசுதான்!" வேதா அவரைக் குழந்தைபோல் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கே துளசித் தொட்டியை எங்கே வைப்பது என்று ஆரம்பித்துவிட்டாள். நடைக்குப் போட்டுக்கொள்ள மெத்துமெத்தென்று ஒரு ஜோடிச் செருப்புகூட மகளிடம் சொல்லி வரவழைத்தாள்.

டெனிஸ் வீட்டுக்கே வந்தான். ஹாலில் விளக்கைப் போட்டு, பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து முதல் காசைச் சாய்த்துப் பார்த்தான். இரண்டாவது, மூன்றாவது. ஐந்தாவதோடு கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டான்.

"இன்னா சார் இது? பூராவும் கீறலா கீது. யார் சார் திருநீறு போட்டுத் தேச்சது? பொட்டு வச்ச கறைகூட அப்படியே இருக்கு."

சத்யநாராயணன் சர்டிபிகேட்டை எடுத்து நீட்டினார்.

"அன்னிக்கே தலைபாடா அடிச்சுக்கினேனே சார், மூடியைத் திறக்காதீங்கன்னு. இதை எந்தக் கலெக்டரும் கையால தொடமாட்டான். எடைக்குத்தான் போவும். எடைக்குன்னா உங்களுக்குத் தேவையானதுல பாதிதான் வரும். ஷ்யாம் சார் மாதிரி சாதாவா வாங்கியிருந்தா இதே பணத்துக்கு ரெண்டு பங்கு வெள்ளி இருந்திருக்கும், இந்நேரம் வேலை முடிஞ்சிருக்கும்."

ஷ்யாம் பெயரைக் கேட்டதும் அவருக்கு உள்ளே என்னவோ எரிந்தது. அந்த எரிச்சலில்தான் வாய் முந்திக்கொண்டது.

"நான் எங்கப்பா திறந்தேன்? எல்லாம் வீட்ல பண்ண வேலை. பூஜை சாமானோட சேர்த்துத் தேச்சு வச்சிருக்கா. பொம்பளைங்களுக்கு என்ன தெரியும்?"

சமையலறை வாசலில் காபித் தட்டோடு வேதா நின்றிருந்தாள். முதுகில் அவள் பார்வை பட்டது அவருக்குத் தெரிந்தது. திரும்பவில்லை. டெனிஸ்தான் நிமிர்ந்து, "அப்படியாக்கா?" என்றான்.

வேதா தட்டை மேஜைமேல் வைத்தாள். "ஆமாம்பா. நான்தான் தேச்சேன். தெரியாம போச்சு," என்றாள்.

டெனிஸ் போன பிறகு சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தார். சத்தியமாக இருந்தார். ஆனால் வேதா சண்டைக்கு வரவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். கேட்காத கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்று அவரும் பேப்பரை விரித்துக்கொண்டார். எப்பேர்ப்பட்ட சௌகரியம் பாருங்கள்!

மாசக் கடைசியில் கிறிஸ்டி டீச்சர் வீட்டை வேறு ஒரு குடும்பத்துக்கு முடித்துவிட்டுப் போனாள். போகும்போது கீழே இருந்தே கையை ஆட்டினாள். வேதா பால்கனியிலிருந்து ஆட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து மகள் சின்மயி வீடியோ காலில் வந்தாள். மாமா ஷ்யாம் மூலம் அவளுக்கு விஷயம் போயிருந்தது. வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, உனக்கு அறிவே கிடையாதா? அப்பா உயிரா வச்சிருந்ததை எடுத்துத் தேய்ப்பியா? பதினோரு வருஷம்மா! இப்ப உனக்குத்தானே கஷ்டம்? இனிமே ஆயுசுக்கும் அந்த மாடியிலயே கிட!"

வேதா போனைச் சற்றே சாய்த்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷனையும் திரைக்குள் கொண்டுவந்தாள். பிறகு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருப்பாள் போலிருந்தது. திரையில் மகளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்யநாராயணன் தொண்டையைச் செருமினார்.

"விடு சின்மயி. அம்மாவைத் திட்டாதே. ஏதோ தெரியாம பண்ணிட்டா. நானே மறந்துட்டேன், உனக்கென்ன?"

வேதா தலையை ஆட்டினாள். "பாத்தியாடி," என்றாள் மகளிடம், "உங்கப்பாவுக்கு எவ்வளவு பெரிய மனசு!"

சின்மயி சிரித்துவிட்டாள். சத்யநாராயணனும் கூடச் சேர்ந்து சிரிக்க வேண்டியிருந்தது.